எங்கள் ஊர் வழியே போனவர்கள்

பயணம் என்றால் தொலைவிற்குப் போவது என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற நாட்களில் பொலநறுவைக்குப் போனேன். பின்னர் கடல் கடந்து தஞ்சைக்கும் மதுரைக்கும் போனேன். பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வரலாற்றையே தொட்டுவிட்டவனைப் போல ஊர் திரும்பினேன். மாதோட்டத்திலே இராசராச ஈச்சரம் எடுப்பித்த தாழிகுமரன் என்ற சோழ அதிகாரியைப் பற்றி என்னிடம் கேட்டால் அரைமணி நேரம் பேசுவேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து எங்கள் கரைக்கு வந்த ஓர் அதிகாரியை நான் அறிந்திருந்தேன். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அதே தமிழகத்திலிருந்து வந்து, எங்கள் வீட்டு வேலியோரமாக நடந்துபோன ஆயிரமாயிரம் பேரை அறிந்திருக்கவில்லை. இந்த அறியாமை எனக்கு எப்படி உறைத்தது என்பதையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

தோட்டவெளி, மன்னார்த் தீவிலே, நகரிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் தெருவில் உள்ள சிற்றூர். ஒருபுறம் எருக்கலம்பிட்டி, மறுபுறம் கரிசல், அதற்கப்பால் பேசாலை. பனையும் உடைமரமும் மணலும் எங்கள் செல்வம். தென்கரையில் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட 30 காற்றாடிக் கோபுரங்கள் இப்போது இரவும் பகலும் சுழன்றுகொண்டிருக்கின்றன. வெளியூரிலிருந்து வருவோர் பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தைப் பார்ப்பர். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கட்டிய கோட்டையைப் பார்ப்பர். அவர்களுக்குப் பின் 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதற்குள் புகுந்த கதையைக் கேட்பர். எங்கள் ஊரிலே அவர்கள் பார்ப்பது வேதசாட்சிகளின் ஆலயம். 1544இல், புதிதாகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய மன்னார் மக்களைச் சங்கிலி மன்னன் வெட்டுவித்தான்; மாண்டவர்கள் அறுநூறு பேர் வரை என்பது மரபு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் இதை அறியாத பிள்ளை இல்லை. ஏறத்தாழ 480 ஆண்டுகளாகியும் அந்த மரணங்கள் எங்களுக்கு நேற்று நடந்தவை போன்றவை.

நினைவாற்றல் குறைந்த ஊர் அன்று எங்கள் ஊர். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் பத்தாம் தர மாணவர்களுக்கு 'எங்கள் வீட்டு முதியவர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி தன் தந்தையின் தாயைப் பற்றி எழுதியிருந்தாள். 'என் அப்பாயி' என்று அக்கட்டுரை தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அப்பம்மா என்பதே வழக்கு. நான் சிவப்பு மையால் 'அப்பாயி'யைக் கோடிட்டு, மேலே 'அப்பம்மா' என்று எழுதினேன். அடுத்த பந்தியிலும் அச்சொல் வந்தது. அங்கும் கோடிட்டேன். மூன்றாம் முறை எழுதுவதற்குச் சோம்பல்பட்டு வெறுமனே வட்டமிட்டேன். ஆய் என்பது தாயைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்பதும், அப்பனின் ஆய் அப்பாயி என்பதும் தமிழ்ப் பட்டதாரியாகிய எனக்கு அந்த வேளையில் தோன்றவில்லை. வழக்கு எங்களுடையதாக இருந்தால் அது தமிழ். பிறருடையதாக இருந்தால் அது பிழை! பேனா என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தபோது, பின் வாங்கிலிருந்த ஒருவன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "தோட்டக்காட்டாள் எழுதினது" என்றான். மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த மக்களை வடக்கிலே இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லை இந்த ஏட்டின் வாசகர்கள் அறிவார்கள். நான் கடிந்துகொண்டேன். "இந்த வகுப்பில் இப்படிப்பட்ட கெட்ட சொற்களைப் பேசக் கூடாது" என்றேன். முற்போக்கான ஆசிரியன் ஒருவன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிறைவு எனக்கு.

அவள் எழுந்து நின்றாள். "சேர், தோட்டம் எண்டா கெட்ட சொல்லா? எங்கட ஊருக்குப் பேர் தோட்டவெளிதானே? அப்பாயி தோட்டத்தில்தான் பிறந்தவ" என்றாள்.

அவள் குரலில் சினம் இல்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் விடை இல்லை. மணி அடித்தது, நான் வெளியே வந்தேன்.

அன்றிரவு என் பழைய புத்தகங்களைக் கிளறினேன். புதுமைப்பித்தன் 1930-களில் எழுதிய 'துன்பக் கேணி' கிடைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஏழை மக்களின் கதை அது. பல்கலைக்கழகத் தேர்வில் அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான். கதையின் உத்தியை எழுதினேன், நடையை எழுதினேன், ஆசிரியரின் அங்கதத்தை எழுதினேன். அக்கதையிலே வருகின்றவர்களைப் போன்ற மக்கள் எந்த வழியால் மலைக்குப் போனார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. தேர்விலும் அக்கேள்வி வரவில்லை.

பிறகுதான் தேடித் தேடிப் படிக்கலானேன். 1820-களில் கண்டி நாட்டிலே ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் திறந்தனர். உள்ளூர்க் குடியானவர்கள் தங்கள் வயலை விட்டுக் கூலிக்கு வரவில்லை. ஆகவே இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து, நிலமற்றவர்களையும் கடன்பட்டவர்களையும் கங்காணிகள் திரட்டி வந்தனர். அவர்களிலே பெரும்பான்மையோர் சாதி ஒடுக்குமுறையின் அடித்தட்டில் கிடந்தவர்கள். பாய்மரத் தோணிகளில் பாக்குநீரிணையைக் கடந்து தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தனர். ஏறத்தாழ 250 கிலோமீற்றர்! வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவர்களோடு நடந்தன. விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டனர். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் தொழிலாளர் வந்த வழியே திரும்பினர். ஆகவே அந்த நடை ஒருமுறை நடந்து முடிந்த நடையன்று. போகவும் வரவும் பல்லாண்டுகள் நடந்த நடை. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும், கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். அதனாலேதான் குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன. ஒரு மக்கள்கூட்டம் எங்கே வாழ வேண்டும் என்பதை ஒரு செடியின் இயல்பும் அதை விற்றவனின் இலாபமும் முடிவு செய்தன.

இவ்வளவும் அச்சில் இருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தம் மக்களின் வாழ்வை 1950-களிலிருந்தே எழுதிவைத்திருந்தனர். நூல்கள் என்னைத் தேடி வரவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொள்ள முடியாது.

அந்த ஆண்டு யூலை 28ஆம் நாள், மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்பது அதற்கு இடப்பட்ட பெயர். நிலமும் வீடும் நியாயமான கூலியும் மொழியுரிமையும் சமத்துவமான குடியுரிமையும் கேட்டு, முன்னோர் நடந்த வழியே நடந்து, ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். பேசாலையிலிருந்து மன்னாருக்கு வரும் வழியில் அவர்கள் எங்கள் ஊரைக் கடந்தனர். நான் சந்தியில் போய் நின்றேன். சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசிற்று. வந்தவர்களில் இளைஞர் இருந்தனர். வெள்ளைச் சேலை உடுத்த முதியவர்கள் இருந்தனர். பாதிரிமாரும் துறவியரும் ஆசிரியர்களும் இருந்தனர்.

சந்தியிலே ஒரு கிழவி, மண்குடத்தையும் இரண்டு குவளைகளையும் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மாணவி நின்றாள். "அப்பாயி, இவர்தான் எங்கட தமிழ் சேர்" என்றாள். கிழவி குவளையைக் கழுவி எனக்கும் தண்ணீர் வார்த்தார். "வாத்தியாருங்களா! புள்ள ஒங்களப் பத்திச் சொல்லும்" என்றார். என்ன சொல்லியிருப்பாளோ என்று எண்ணினேன். சிவப்பு மை நினைவுக்கு வந்தது.

மன்னார் நகர் வரை அவர்களோடு நடந்துவிட்டுத் திரும்பினேன். மறுநாட் பாடக்குறிப்பு எழுதவேண்டியிருந்தது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். கால் வலித்தது என்பது உண்மையான காரணம்.

ஆனால் மனம் ஆறவில்லை. ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு பையோடு தனியே புறப்பட்டேன். இம்முறை கல்வெட்டுப் பார்க்கப் போகவில்லை. பேருந்திலே போவதும், இடையிடையே இறங்கி நடப்பதுமாகச் சென்றேன். முருங்கனில் இறங்கி மடு வீதிச் சந்தி வரை வெயிலில் நடந்தேன். மூன்று மணிநேரத்துக்கு மேலாயிற்று. இரண்டு போத்தல் தண்ணீர் முதல் மணியிலேயே தீர்ந்தது. இப்போது அங்கே தார்வீதி இருக்கின்றது, கடை இருக்கின்றது, கேட்டால் தண்ணீர் தரும் வீடு இருக்கின்றது. இவை ஒன்றும் இல்லாத நாளில், தலையிலே அரிசி மூட்டையும் இடுப்பிலே குழந்தையுமாக ஒருத்தி இவ்வழியே நடந்தாள் என்பதை என் கால்களுக்குச் சொன்னேன். கால்கள் நம்பின. புத்தகத்தில் படித்தபோது மனம் அவ்வளவாக நம்பியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். கட்டுக்கரைக்குளத்தின் பெருமையைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது அதன் பழமையைச் சொல்வேன், அரசர்களைச் சொல்வேன். வழிநடையாளனுக்கு ஒரு குளம் என்பது முதலில் தண்ணீர். அதன் கரையிலேயே வாந்திபேதியும் காத்திருந்திருக்கும்.

செட்டிகுளத்தைக் கடந்து மதவாச்சி போய், மிகிந்தலையிலே இரவு தங்கினேன். அங்கே ஒரு தேநீர்க் கடைக்காரர், சிங்களவர், என் உடைந்த சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டார். சில நாட்களுக்கு முன் கூட்டமாக நடந்துபோனவர்களைத் தாமும் பார்த்ததாகச் சொன்னார். அவர்கள் எதற்காக நடந்தார்கள் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, நான் குடித்த தேநீரைச் சுட்டிக்காட்டி, "இதற்காகவா?" என்றார். முதலில் கோப்பிக்காக, பிறகு இதற்காக என்றேன். காசு வாங்க மறுத்துவிட்டார். இதை வைத்து இன ஒற்றுமை மலர்ந்துவிட்டது என்று எழுத நான் ஆயத்தமில்லை. ஒரு மனிதர் அறிய விரும்பிக் கேட்டார், அறிந்ததும் சங்கடப்பட்டார். என்னைவிட அவர் அதை விரைவாகச் செய்தார்.

தம்புள்ளைக்கு அப்பால் மலைகள் தெரியத் தொடங்கின. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலின் முன் நின்றேன். காட்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் அம்மனை வணங்கிவிட்டுத் தோட்டங்களுக்குப் பிரிந்துபோனார்கள் என்று அங்குள்ளோர் சொல்வர். அதே ஊருக்கு வெளியே, பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட அலுவிகாரை இருக்கின்றது. பழைய நானாக இருந்தால் அங்கே முதலில் ஓடியிருப்பேன். இம்முறை மறுநாள் போனேன்.

ஊர் திரும்பியதும் என் அம்மம்மாவிடம் கேட்டேன். எண்பதைக் கடந்தவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். "அம்மம்மா, தோட்டத்து ஆக்கள் இந்த வழியால போனது உங்களுக்குத் தெரியுமோ?" என்றேன்.

அவர் உடனே, "தெரியாமல் என்ன? அழுதுகொண்டு போற கோச்சி" என்றார்.

1914இலே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே கப்பற் சேவையும், அதனை அடுத்துப் புகையிரதமும் வந்தபின், தொழிலாளர் நடந்து போகவேண்டியிருக்கவில்லை. மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, உடல் சோதிக்கப்பட்டு, கப்பலிலும் கோச்சியிலும் மலைக்குப் போயினர். அது போன கதை. அம்மம்மா சொன்னது திரும்பிய கதை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. அதற்குப் பாராளுமன்றத்தில் கைதூக்கியவர்களிலே தமிழரும் இருந்தனர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டனர். காணி பிரிப்பதற்குக்கூடக் காணிக்காரனைக் கேட்பார்கள். இங்கே எவரையும் கேட்கவில்லை. அந்த 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்குப் போயிற்று. போர் மூளும் வரை, மலையிலிருந்து வந்த புகையிரதங்கள் அம்மக்களை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊரின் ஊடாகவே தலைமன்னார் இறங்குதுறைக்குப் போயின.

"படலையில நிண்டு பார்ப்பம். பெட்டியெல்லாம் ஒப்பாரி. சின்னப் பிள்ளையளும் அழும்" என்றார் அம்மம்மா.

"நீங்கள் ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லையோ?"

அம்மம்மா என்னை வியப்போடு பார்த்தார். "அது அவையளின்ர பாடு, தம்பி" என்றார்.

அம்மம்மா கல்நெஞ்சக்காரர் அல்லர். அயலில் ஒரு சாவு என்றால் மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் அங்கேயே கிடப்பவர். ஆனால் 1544இல் மாண்டவர்கள் 'எங்கள்' ஆட்கள். கோச்சியில் அழுதவர்கள் 'அவையள்'. இந்த வேலியை அம்மம்மா போடவில்லை. அது நாங்கள் பிறப்பதற்கு முன்பே போடப்பட்டது. நாங்கள் ஆண்டுதோறும் ஓலை மாற்றி வந்திருக்கின்றோம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த ஊராகிய எருக்கலம்பிட்டி முஸ்லிம் மக்கள், 1990 ஒக்டோபர் இறுதியில், விடுதலைப் புலிகளின் கட்டளையால், வடமாகாணத்து ஏனைய முஸ்லிம்களைப் போலவே வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அப்போது நான் கைக்குழந்தை. வளர்ந்த பிறகும், பூட்டிக்கிடந்த அந்த வீடுகளைத் தாண்டிப் பாடசாலைக்குப் போன ஆண்டுகளில், அங்கிருந்தவர்கள் எங்கே என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. அறிவு வேட்கை உள்ள பிள்ளை என்று என் தேர்ச்சி அறிக்கைகளிலே ஆசிரியர்கள் எழுதியிருக்கின்றார்கள்.

பின்னர் ஒருநாள் மாணவியின் வீட்டுக்குப் போனேன். கிழவி பேசினார். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய பூட்டன் நடந்து வந்தவர். பாட்டி கப்பலில் வந்தவர். 1970-களின் தொடக்கத்தில் அண்ணன் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதி வந்தது. இவருக்கு இலங்கை என்று எழுதி வந்தது. ஹற்றன் நிலையத்தில் ஒப்பாரிக் கோச்சியின் சன்னலைப் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் ஓடினாராம். அண்ணன் கூடலூரில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்கமர்ந்தார். அங்கே அவரைச் சிலோன்காரன் என்றார்களாம். சில கடிதங்கள் வந்தன; பிறகு வரவில்லை. 1977 கலவரத்தில் இவர் தோட்டத்தை விட்டு ஓடிவந்து செட்டிகுளம் பக்கம் குடியேறினார். போர் அங்கிருந்தும் கிளப்பிற்று. இப்போது மகனும் மருமகளும் கருவாட்டு வாடியிலே கூலி வேலை செய்கின்றார்கள். இவ்வளவையும் அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை எப்போது பெய்தது, எப்போது விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"ஐயா, அண்ணன் கப்பலேறின எடம் இங்கிட்டுதான் பக்கத்துல இருக்காமே?" என்று கேட்டார். இந்தத் தீவுக்கு வந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் தலைமன்னாரைப் பார்த்ததில்லை. அங்கே அழைத்துப்போக எவருக்கும் நேரம் இருந்ததில்லை.

2024 சனவரியில், மழை ஓய்ந்தபின், ஒரு சனிக்கிழமை மூவரும் பேருந்தில் போனோம். பழைய இறங்குதுறை, துருவேறிய இரும்புத் தூண்களாகக் கடலுக்குள் நீண்டு நிற்கின்றது. பக்கத்திலே வெளிச்சவீடு. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2015இல் மீண்டும் இறங்குதுறை நிலையம் வரை வந்துவிட்டது. கப்பல் மட்டும் இல்லை. கிழவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி, தூண்களைப் பார்த்தபடி நின்றார்.

"அந்தக் கரை எம்மாந்தூரம்?" என்றார்.

"ஏறத்தாழ 30 கிலோமீற்றர்" என்றேன்.

"இவ்வளவுதானா!" என்றார். பிறகு, மாத்தளை எவ்வளவு தூரம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். மாணவி இரண்டு எண்களையும் தன் கொப்பியில் குறித்துக்கொண்டாள். வெயில் ஏறத் தொடங்கிற்று. "வாங்க போவம், புள்ளைக்குப் பசிக்கும்" என்று கிழவி திரும்பி நடந்தார்.